நீலம் என்றால் இடது தோள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "நீங்க கதை எழுதுறவங்கதானே, எனக்கு ஒரு பொய் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

கேட்டவரைப் பார்த்தால் பொய் சொல்லிப் பழகியவராகத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மடியில் தடிமனான ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"பொய் யாருக்கு?" என்று கேட்டேன்.

"வீட்ல சொல்றதுக்கு."

"வீட்டிலென்றால்?"

"அவகிட்டதான். உங்க கதையில ஆம்பளைங்க பேசுறது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

இருபது வருடங்களாகக் குடும்பக் கதைகள் எழுதுகிறேன். கணவன் பொய் சொல்லும் காட்சி, மாட்டிக்கொள்ளும் காட்சி, கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கும் காட்சி எல்லாம் எனக்குக் கைவந்தவை. ஒரு மணி நேர வேலை என்று நினைத்துச் சரி என்றேன். இன்று மறு ஞாயிறு. மாலை நான்கு மணிக்கு வாங்கிப்போக வருகிறார். இப்போது காலை பத்தரை. என்னிடம் இருப்பவை நான்கு தொடக்கங்கள். மூன்றை அடித்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான்: ஒரு மனிதர் தன் மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "உனக்கு அறுபத்து மூன்று கடிதம் வந்தது, நான்தான் உன்னிடம் வர விடவில்லை." சொல்வாரா, மாட்டாரா. கதையில் வேறு முடிச்சு எதையும் தேட வேண்டாம்.

2

அடித்த தொடக்கங்களையும் பார்த்துவிடுங்கள். எதை ஒளித்தாலும் இந்தக் கதையில் அது தப்பாகப் போய்விடும் என்று தோன்றுகிறது.

ஒன்று: "கத்தரிக்கோல் துணியைத் தொடும் முன்பு அவள் எப்போதும் மூன்று கேள்விகள் கேட்பாள். முதல் கேள்வி—" (அழகாக இருக்கிறது. அதனால்தான் அடித்தேன். அவளை முதல் வரியிலேயே தேவதையாக்கிவிட்டால் அவருக்குப் பேச வாய் இருக்காது.)

இரண்டு: "காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஒரே அறையில் வியாபாரம் செய்யக் கூடாது." (எனக்கு எப்படித் தெரியும்?)

மூன்று: "இணையச் சந்தையில் விற்பதற்கும் சொந்தமாக இணையக் கடை நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம், வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும்—" (கட்டுரை. அடுத்த வரியில் வட்டி விகிதம் வந்துவிடும்.)

நான்காவது, மாமியார் குளியலறையில் வழுக்கி விழுவது. அதை வைத்துக்கொள்கிறேன்.

3

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது தோள் எலும்பு உடைந்தது.

இந்த வீட்டின் மகனை மேனேஜர் என்றே அழைக்கிறேன். அவர் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலையில் இருந்தவர், எந்தக் காலத்திலும் மேனேஜராக இருந்ததில்லை. பெட்டி சரியாக ஒட்டப்படவில்லை என்றால் வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசுவார் என்பதால் மனைவி வைத்த பெயர் அது. பதிலுக்கு அவர் வைத்தது டெய்லரம்மா. அவள் அப்போது அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், நர்ஸும் மேனேஜரும் சேர்ந்து அம்மாவுக்கு நைட்டி மாட்டிவிடப் பார்த்தார்கள். உடைந்த தோளோடு கையைத் தூக்க முடியுமா?

"உயிரோட இருக்கிறவளுக்குத் துணி மாட்டுறீங்களா, பொட்டலம் கட்டுறீங்களா?" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கூரியர்ல வேலை பார்த்தா பெத்தவளும் பார்சலாடா?"

டெய்லரம்மா பையிலிருந்து பிளேடை எடுத்து, நைட்டியின் வலது தோள் தையலைக் கழுத்திலிருந்து கை ஓரம்வரை பிரித்தாள். துணியை மாமியாரின் மேல் போர்த்தி, பிரிந்த இடத்தை நான்கு ஊக்கால் பூட்டினாள். கை அசையவே இல்லை. மறுநாள் ஊக்கு இருந்த இடத்தில் பிரஸ் பட்டன் வந்தது. அதற்கு மறுநாள் பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள். பிறகு அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ அம்மா மூன்று கேட்டார்.

மாமியார் தேறி வருவதற்குள், வீட்டின் சின்ன அறையில் ஒரு தையல் மிஷினும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் எதிரெதிரே வந்துவிட்டன. மேனேஜர் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வெப்சைட் செய்தார். சொந்தக் கடை. முகப்பில் மாமியாரின் தோள் மட்டும் தெரியும் ஒரு படம். ("மூஞ்சிய விட்டுட்டுத் தோளைப் போட்டிருக்கான் பாரு" என்று மாமியார் பல நாள் குறைபட்டாராம்.) ஆர்டர் செய்கிறவர்கள் நிரப்ப ஒரு பக்கம் வேண்டும்.

"எந்தக் கைன்னு கேட்டாப் போதாதா?" என்றார் மேனேஜர்.

"போதாது. எவ்வளவு தூக்க முடியும்னு கேளுங்க. மார்பு வரைக்குமா, காது வரைக்குமா."

"சரி."

"மூணாவது, யார் போட்டுவிடுவாங்கன்னு கேளுங்க."

"அது எதுக்குடி? துணி விக்கிறோமா, சம்பந்தம் பேசுறோமா?"

"தனியா இருக்கிறவங்களுக்குப் பட்டன் முன்னால வரணும். ஆள் இருந்தா பின்னால. இது தெரியாம நான் எங்க வெட்டுறது, உங்க தலையிலயா?"

மூன்றாவது கேள்விக்குக் கீழே ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டார். மக்கள் அதில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு அம்மா எழுதியது: "போட்டுவிட மகன் இருக்கிறான். ஆனால் வெட்கப்படுகிறான். கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிட முடிகிற மாதிரி இருந்தால் நல்லது." டெய்லரம்மா அந்த ஒரு நைட்டிக்கு மட்டும் மேலிருந்து கீழாகப் பட்டன்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வைத்துத் தைத்தாள். விரலால் தடவினாலே எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடும்.

வாரத்துக்கு நாலைந்து ஆர்டர். கடையின் அஞ்சல் பெட்டிக்கு இப்படி வரும் கடிதங்களை அவள் சாப்பிடும்போது சத்தமாகப் படிப்பாள். எழுத்தில் புரியாதது இருந்தால் அவர்களுக்கே போன் செய்து கேட்பாள். அரை மணி நேரம் பேசுவாள். அவர் பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

(இந்த இடத்தில் என் வழக்கப்படி ஒரு மழை பெய்திருக்கும், ஒரே குடைக்குள் இருவரும் கூரியர் அலுவலகத்துக்கு நடந்திருப்பார்கள். எழுதி, எடுத்துவிட்டேன். அவர்களுக்கு அந்தச் சின்ன அறையே போதுமாக இருந்தது. போதுமாக இருந்தது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போனது.)

4

பலரும் விற்கும் இணையச் சந்தைத் தளத்தைத் திட்டி ஒரு பகுதி எழுதினேன். பிறகு கிழித்தேன், ஏனென்றால் நானே மளிகைச் சாமான் முதல் மாத்திரை டப்பா வரை அங்கேதான் வாங்குகிறேன். அங்கே எப்போதும் கூட்டம் இருக்கிறது. சொந்தக் கடை வைத்திருப்பவர் ஒவ்வொரு ஆளையும் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். மேனேஜர் தினமும் காலையில் தன் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பார். பதினொன்று. ஒன்பது. ஒருநாள் பதினான்கு, அதில் மூன்று அவரே.

"நாலு பேருக்காகவா கூரியர் வேலைய விட்டேன்?" என்றார்.

"நாலு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"நாலாயிரம் பேருக்குத் தோள் உடையுது டெய்லரம்மா. அவங்களெல்லாம் எங்க போய்த் தேடுவாங்க? நம்ம சந்துக்கா வருவாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கதையை நியாயமாக எழுத வேண்டுமானால் இந்த வரியை நான் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

சந்தையில் பதிவு செய்தார். பொருளின் பெயர், படம், விலை. பிறகு இரண்டே கட்டங்கள்: அளவு, நிறம். எந்தத் தோள் என்று கேட்க இடமில்லை. எவ்வளவு தூக்க முடியும், யார் போட்டுவிடுவார்கள் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. வாங்குகிறவரோடு நேரில் பேசவும் கூடாது, பெட்டிக்குள் தன் கடையின் சீட்டு வைக்கவும் கூடாது.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் ஓடிவந்தார்.

"நீலம்னா இடது தோள் திறக்கும். சாம்பல்னா வலது. கலர்லயே விஷயத்த முடிச்சுட்டேன்."

டெய்லரம்மா மிஷினை நிறுத்தினாள். "நீலம் பிடிச்சவங்களுக்கு வலது தோள் உடைஞ்சா?"

"கீழ விவரத்துல எழுதியிருக்கேன்ல."

"எத்தனாவது வரியில?"

"அஞ்சாவது."

"அஞ்சாவது வரி வரைக்கும் யாருங்க படிப்பா?"

"தேவைப்படுறவங்க படிப்பாங்க."

(வலியில் இருப்பவர்கள் எதையும் படிப்பதில்லை. அவர் வீட்டிலேயே ஒருவர் தோள் உடைந்து கிடந்தார், ஆனால் அவருக்கு மருந்துச் சீட்டைக்கூட மருமகள்தான் படித்தாள். அதை மேனேஜர் பார்த்தும் இருக்கிறார். அவருடைய பெரிய தப்பு கடிதங்களை மறைத்தது அல்ல, இதுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றுகிறது.)

நீங்கள் கேட்க நினைப்பதை நானும் கேட்டேன்: இரண்டு தோளும் திறக்கிற மாதிரி தைத்துவிட்டால் என்ன? மேனேஜரும் அவளிடம் கேட்டாராம். அவள் சொன்னதாக அவர் சொன்னது: "நல்ல தோள்லதாங்க மொத்தத் துணியும் நிக்குது. அதையும் பிரிச்சா ராத்திரி பூரா வழுக்கும். உடைஞ்ச கையால இழுத்து இழுத்து விடுவாங்க."

5

இதுவரை மூன்றாம் மனிதர் கதை. இனி கொஞ்சம் கஷ்டம்.

போன வருடம் ஒரு படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு வலது தோள் உடைந்தது. அப்போது மகள் என்னோடு இருந்தாள். "அம்மா, இதுக்குன்னே நைட்டி விக்கிறாங்க பாருங்க, என்ன கலர்?" என்று போனைக் காட்டினாள். நீலம் என்றேன். எனக்கு நீலம் பிடிக்கும்.

வந்தது. இடது தோள் திறந்தது. வலது தோள் இறுக்கமாகத் தைத்திருந்தது, மிக நேர்த்தியாக. வலி, கோபம், மூன்று மாதம் எழுத முடியாது என்று டாக்டர் சொன்ன எரிச்சல். இடது கையால், ஒற்றை விரலால் தட்டி எழுதினேன்:

"வலது தோள் உடைந்தவளுக்கு இடது தோள் திறக்கும் நைட்டி. இதைத் தைத்தவருக்கு உடல் என்றால் என்னவென்றே தெரியாது. யாரும் வாங்கி ஏமாற வேண்டாம். ஒரு நட்சத்திரம்கூட அதிகம்."

அந்த மூன்று மாதத்தில் நான் எழுதியது அது மட்டும்தான். ஆயிரத்து இருநூறு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருந்தார்கள். என் நாவல் எதற்கும் அத்தனை பேர் கை தட்டியதில்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் வாசலில் வந்து நின்றார். பார்சலில் ஒட்டிய விலாசத்தை ஞாபகம் வைத்து, பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் சாம்பல் நிற நைட்டி.

"இது உங்களுக்குங்க. தப்பு எங்க மேல, காசு எதுவும் வேண்டாம். அந்த ரிவ்யூவ மட்டும் கொஞ்சம் பார்த்து..." என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க எழுதினதா? எங்க வீட்ல எல்லாத்தையும் படிச்சிருக்காங்க."

மாற்றிவிடுகிறேன் என்றேன். அந்தச் சாம்பல் நைட்டியை இரண்டு மாதம் போட்டுக்கொண்டேன், உடம்பில் துணி இருப்பதே தெரியவில்லை. ரிவ்யூவை மாற்றவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, மறந்துவிட்டேன். அவ்வளவுதான். இதற்கு இதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு வாரமாக முயல்கிறேன்.

6

மேனேஜருக்கு அது முதல் ஒற்றை நட்சத்திரம் இல்லை. ஆனால் எல்லோரும் படித்தது அதைத்தான். மற்றவர்கள் 'வேறு பக்கம் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள், இது மட்டும் தைத்தவளைப் பற்றிப் பேசியது. அதை அவர் மனைவியிடம் காட்டவில்லை. இந்த வீட்டில் மறைக்கப்பட்ட முதல் எழுத்து என்னுடையது.

சந்தை அந்தப் பொருளைப் பின்பக்கங்களுக்குத் தள்ளியது. திரும்பி வந்த பெட்டிகள் மாமியாரின் கட்டிலுக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தன. "நான் எந்திரிச்சு நடக்கிறேன், உன் வியாபாரம் படுத்துட்டிருக்கு" என்றார் மாமியார்.

மேனேஜர் ஒரு முடிவெடுத்தார். இரண்டு தோளும் திறக்கும் மாடல், ஒரே தைப்பு, வெளியே ஒரு தையல் கூடத்தில் மொத்தமாக. டெய்லரம்மா கையில் இருந்த நைட்டியைத் தைத்து முடித்தாள். பிறகு, "உங்க இஷ்டம். ஆனா நம்ம கடைக்கு எழுதுறவங்களுக்கு நான்தான் தைப்பேன்" என்றாள்.

இனி வருவதை அவர் என் முன்னால் தலை குனிந்தே சொன்னார்.

புது மாடலுக்குச் சந்தையில் நட்சத்திரம் சேர வேண்டும். சேர வேண்டுமானால் வருகிற ஒவ்வொருவரும் அங்கே வாங்க வேண்டும். சொந்தக் கடைக்கு வருகிற பத்துப் பேரையும் அங்கேயே அனுப்பிவிட்டால்? ஒரு மாதத்துக்கு மட்டும். கடையின் முகப்பைத் திறந்தால் நேராகச் சந்தையின் பக்கம் திறப்பது மாதிரி மாற்றினார். இரண்டு நிமிட வேலை.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள். "லெட்டர் ஒண்ணும் வரலையா?"

"வரல."

ஐந்தாம் நாள் கேட்டாள். பத்தாம் நாள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள்.

"அப்ப சொல்லியிருக்கலாம்ங்க," என்றார் என்னிடம். "ஆனா மொத நாள் சொல்லாதத பத்தாம் நாள் எப்படிச் சொல்றது? ஒரு மாசம் ஆகட்டும், விக்க ஆரம்பிச்சதும் சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம்னு இருந்தேன்."

விற்கவில்லை. அதே மாடலை வேறொருவர் பாதி விலைக்குப் போட்டார். ஒரு மாதம் எட்டு மாதமானது. அவர் மறுபடி கூரியர் அலுவலகத்துக்குப் போனார். அவள் ஒரு துணி திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கால்சட்டை நீளம் குறைக்க, ஜிப் மாற்ற.

அவர் என்னிடம் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கடையின் இணைய முகவரி காலாவதியாகப் போகிறது என்று போனில் ஒரு செய்தி வந்தது. விவரம் பார்க்கக் கடையின் பழைய அஞ்சல் பெட்டியை எட்டு மாதம் கழித்துத் திறந்தார். உள்ளே அறுபத்து மூன்று கடிதங்கள்.

அவர் திருப்பிவிட்டது முன்வாசலை மட்டும்தான். அந்த மூன்று கேள்விகள் இருந்த பக்கத்துக்கு நேராகப் போகும் இணைய முகவரியை பிசியோ அம்மா ஒரு தாளில் அச்சடித்து, தன்னிடம் வருபவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு மாதமாக மக்கள் பக்கவாசல் வழியாக வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலர் இரண்டு முறை. 'பதில் இல்லையே, உடம்பு சரியில்லையா?' என்று ஒருவர் டெய்லரம்மாவை விசாரித்திருந்தார்.

கடைசிக் கடிதம் மூன்று நாள் பழையது. ஒரு பெண், கணவனுக்காக. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இடது தோள். கையைத் தூக்கவே கூடாது. யார் போட்டுவிடுவார்கள்: "நான்தான். ஆனால் எனக்கும் ஒரு கண் சரியாகத் தெரியாது."

அந்த வெள்ளிக்கு இன்றிலிருந்து ஐந்து நாள்.

"அறுபத்திரண்டுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "இந்த ஒண்ணுக்கு நாள் இருக்கு. ஒரு நாள்ல தச்சுடுவா, ரெண்டு நாள்ல நான் கொண்டு சேர்த்துடுவேன். அவகிட்ட இந்த ஒண்ணு மட்டும் வந்துச்சுன்னு சொல்லிடலாம்ல? மீதிய விட்டுடலாம்ல? அதத்தான் எழுதிக் கேக்குறேன்."

7

ஒரு கட்டத்தில் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. எட்டு மாதம் ஒரு பெண் தானே போனை எடுத்துத் தன் கடையைத் திறந்து பார்த்திருக்க மாட்டாளா? இப்படி ஒரு நம்பிக்கை கதையில் நிற்குமா? என் வாசகிகள் சும்மா விடமாட்டார்கள். அதனால் வியாழக்கிழமை, ஜிப் போன ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு அந்தத் துணி திருத்தும் கடைக்குப் போனேன். என் புத்தகங்களில் என் படம் கிடையாது. அவளுக்கு என்னைத் தெரியாது.

போன் ரிப்பேர் கடைக்கு மேலே, குறுகலான படி. மூன்று மிஷின்கள், சீட்டுக் குத்திய கால்சட்டைகள் வரிசையாகத் தொங்கின. இஸ்திரி ஆவி. ஜன்னலோரம் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். வாயில் இரண்டு குண்டூசி. நான் பையை மேஜையில் வைத்தேன்.

"வலது கையா?" என்றாள்.

"என்னது?"

"கதவையும் இடது கையால தள்ளுனீங்க, பையையும் இடது கையால வச்சீங்க. எவ்வளவு தூக்க முடியுது?"

தூக்கிக் காட்டினேன்.

"மோவாய் வரைக்கும். பரவாயில்ல, வந்துடும். வீட்ல யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. மகள் வேற ஊருக்குப் போயிட்டா."

"அப்ப இந்தச் சட்டைக்குப் பின்னால ஜிப் வேண்டாங்க. பக்கத்துல வச்சுத் தர்றேன். அதே காசுதான்."

மூன்று கேள்விகளும் முடிந்துவிட்டன. தான் கேட்டது அவளுக்கே தெரிந்திருக்காது.

"இதெல்லாம் நல்லாத் தெரிஞ்சவங்க மாதிரி பேசுறீங்களே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முன்னால இதே வேலைதான் பண்ணிட்டிருந்தேன். வீட்லயே. எங்க வீட்டுக்காரர் பாவம், தலைகீழா நின்னு கடை போட்டுக் குடுத்தார்."

"ஏன் விட்டுட்டீங்க?"

அவள் ஊசியை எடுத்து என் சட்டையில் குத்தினாள். "யாரும் வரல. மொதல்ல பெரிய பெரிய லெட்டரா எழுதுவாங்க. திடீர்னு ஒரு நாள் நின்னுபோச்சு. தினமும் கேட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் கேக்குறத விட்டேன். போன்ல தொறந்து பார்க்கக்கூடப் பயம். காலியா இருக்கிறத எதுக்குப் பார்க்கணும்?"

"ஏன் நின்னுது?"

"நான் தச்சதுல ஏதோ தப்பு இருந்திருக்கும்ங்க. வாங்கினவங்க யாராவது என்ன தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்." சிரித்தாள். "இப்ப கால்சட்டைதான். கால்சட்டை பேசாது."

நான் சொல்லியிருக்கலாம். வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. உங்களுக்கு அறுபத்து மூன்று கடிதம் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருந்தது: தைத்தவருக்கு உடல் என்றால் என்னவென்றே தெரியாது என்று எழுதியவள் நான்தான்.

"அப்படியா," என்றேன்.

சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் நேற்றுப் போகவில்லை.

8

முடிவுகள்.

(அ) மேனேஜர் கேட்ட பொய். எழுதிவிட்டேன், நன்றாகவே வந்திருக்கிறது. "பழைய ஆள் ஒருத்தங்க எப்படியோ என் நம்பரக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டாங்க. உன் தையல்தான் வேணுமாம்." அவள் முகம் மலர்கிறது. மிஷின் மேலிருக்கும் துணியை விலக்குகிறாள். கத்தரிக்கோலை எடுக்கிறாள். அவர் சொன்ன விவரத்தில் 'எனக்கும் ஒரு கண் சரியாகத் தெரியாது' என்ற இடத்தில் நிற்கிறாள். எந்தக் கண்? வெட்டுவதற்கு அது தெரிய வேண்டும். "நம்பர் குடுங்க, நானே கேக்குறேன்" என்கிறாள். அந்தப் பெண் போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வாள்? "எழுதிப் பத்து நாள் ஆச்சுங்க, பதிலே வரலையேன்னு இருந்தேன்." பொய் அரை மணி நேரம்கூட நிற்காது. அவள் வேலை செய்கிற விதம் அப்படி.

(ஆ) என் வழக்கமான கடைசி அத்தியாயம். அவர் கடிதங்கள் இருக்கும் கோப்பை அவள் மடியில் வைக்கிறார். அவள் படிக்கிறாள், அழுகிறாள். அவர், "என்னை மன்னிச்சிடு" என்கிறார். அவள் நிமிர்ந்து, "எட்டு மாசமா நான் என் கையச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேனே, அது உங்களுக்குத் தெரியுமா?" என்று—

(அவருடைய பதிலை எழுத முடியவில்லை. என் கதைகளில் இந்த இடத்தில் ஆண்கள் நன்றாகப் பேசுவார்கள். இப்போது நினைத்தால், அவர்கள் அத்தனை நன்றாகப் பேசியதற்குக் காரணம், எதிரே இருந்த பெண்களும் நான் எழுதியவர்கள் என்பதுதான்.)

(இ) அஞ்சல் பெட்டி காலாவதியாக விடப்படுகிறது. அறுபத்து மூன்றும் அதோடு போகிறது. அவர்கள் நல்ல தம்பதிகளாகவே இருக்கிறார்கள். இரண்டாவது சனிக்கிழமைகளில் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு கண் சரியாகத் தெரியாத ஒரு பெண் தன் கணவனின் சட்டையோடு போராடுகிறாள்.

(இ)தான் எழுதச் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே நடந்துவிடும்.

9

நான்கு மணிக்கு என்றவர் மூன்றரைக்கே வந்துவிட்டார். பொய்யை எழுதவில்லை என்றேன். இந்தத் தாள்களைக் கொடுத்தேன், என் நட்சத்திரத்தோடும் என் 'அப்படியா'வோடும். இந்தக் கடைசிப் பகுதியை நான் எழுதிக்கொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து முந்தைய எட்டையும் படித்தார்.

ஐந்தாவதை இரண்டு முறை படித்தார். "நீங்கதான்னு தெரியும்," என்றார். "பேர் போட்டிருந்துச்சே. அதுக்காகத்தானே மொத தடவ வந்தேன்." பிறகு ஏழாவதுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். தாளை அப்படியே பிடித்திருந்தார்.

"அவ தையல்ல தப்புன்னா சொன்னா?"

"ஆமா."

"என்கிட்ட அப்படி ஒரு நாளும் சொல்லலையே."

"நீங்களும் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே."

கடைசித் தாள்வரை படித்துவிட்டு, "இதுல முடிவு இல்லையேங்க" என்றார்.

"இல்ல."

"இத அப்படியே அவகிட்ட குடுத்தா உங்களையும் சேர்த்துத் திட்டுவா."

"திட்டட்டும். நானும் வர்றேன் வேணும்னா. என் சட்டை அங்கதான் இருக்கு."

"நீங்க வரக் கூடாது," என்றார் உடனே. பிறகு, "நான் மட்டும் போனா வாயத் தொறக்க மாட்டேன்," என்றார்.

கடை ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்றேன். தெரியும் என்றார். இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இப்போது மணி ஐந்து. தாள்களைக் கோப்புக்குள், அந்தக் கடிதங்களுக்கு மேலே வைத்துவிட்டார். கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுந்தார் என்று எழுத எனக்கு ஒரு வார்த்தை போதும். இருபது வருடமாக அப்படித்தான் ஆட்களை எழுப்பி, நடத்தி, அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இவரை என்னால் முடியவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. பேனாவை மூடுகிறேன். உங்களால் முடிந்தால் அவரை எழுப்பிப் பாருங்கள்.